சாட்சி: மாரியாயி

2024 ஜூன் 8, சனிக்கிழமை. இரவு பதினொன்று நாற்பது. வேதாரண்யத்துக்கு வடக்கே, கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே, சவுக்குத் தோப்புக்கு நடுவில் போகும் மணல் பாதையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. விளக்கு அணைந்தது. ஒரே ஆள் இறங்கினான்.

டெல்பின் டீச்சர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தோம். போன மே மாதம். போர்வெல்லில் தண்ணீர் இறங்கி மோட்டார் கருகி நான்கு நாள். பத்து மணிக்கு வருகிறேன் என்ற தண்ணீர் லாரி பன்னிரண்டாகியும் வரவில்லை. மேலே போய்ப் படுத்தால் லாரி வந்ததே தெரியாமல் போய்விடும் என்று, காலி வாளிகளுக்கு நடுவே நாலைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம்.

"ஒரு பக்கம் காவேரி, ஒரு பக்கம் கொள்ளிடம். நடுவுல நாம லாரிக்குக் காத்திருக்கோம். இதைவிடப் பெரிய பேய்க் கதை என்ன டீச்சர் இருக்கு?" என்றான் தேசிக். இரண்டாவது மாடி. வங்கியில் வேலை.

"நீ சும்மா இருடா. சொல்றவாளைச் சொல்ல விடு" என்றார் வைதேஹி மாமி. பயம் என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை டீச்சர் பக்கம் நகர்த்திப் போட்டவரும் அவர்தான்.

"கதை இல்லைங்க. என்கூட வேலை பார்க்கிற பிரான்சியோட அண்ணனுக்கு நடந்தது. அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊர்ப் பேரை மட்டும் சொல்ல மாட்டேன்" என்றார் டீச்சர். பிறகு சொன்னார்.

காரிலிருந்து இறங்கியவன் பெயர் ஆசீர். முப்பத்து நான்கு வயது. திருவானைக்காவலில் தங்கை பிரான்சியின் வீட்டு மாடியில் குடியிருந்தான். திருச்சிப் புத்தூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. நிலத்தடி நீரை அளந்து அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் நிறுவனம் அது. ஊர் ஊராகப் போய், அளப்பதற்கென்றே இறக்கிவைத்த பைப்பில் நீர்மட்டம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பார்த்து மாதம் ஒரு பாரம் நிரப்ப வேண்டும். பாரத்தின் அடியில் 'சாட்சி' என்று ஒரு கட்டம் இருக்கும். உள்ளூர் ஆள் ஒருவர் அதில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும்.

அந்த ஊரில் சாட்சி மாரியாயி. பைப்புக்குப் பக்கத்துக் குடிசை. பைப் மூடியின் சாவி அவள் முந்தானை முடிச்சில் இருக்கும்.

அந்தக் கரையோரத்தில் ஊருக்கு இருக்கும் நல்ல தண்ணீர் ஒன்றே ஒன்றுதான். மணல் மேட்டில் பெய்த மழை கீழே இறங்கி, கடல் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக நிற்கும். ஆள் உயரத்துக்கு மணலைத் தோண்டினால் ஊறும். அதை ஊற்று என்பார்கள். குடத்துக்கு அளவாக எடுத்தால் நூறு வருடம் வரும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். அங்கே ஓர் இறால் பண்ணை ஏற்கெனவே பதினொரு போர் போட்டிருந்தது. உறிஞ்சியது போக, குளத்துக் கழிவை ஓடையில் விட்டது. நாலைந்து வருடமாக மழையும் ஒழுங்கில்லை. இன்னும் ஒன்பது போருக்குப் பண்ணை அனுமதி கேட்டிருந்தது. அதற்கான அறிக்கையைத்தான் ஆசீரின் நிறுவனம் எழுதிக்கொண்டிருந்தது. பணம் கொடுப்பது பண்ணை.

முதல் தடவை ஆசீர் போனபோது, பைப்பிலிருந்து அவன் எடுத்த தண்ணீரை மாரியாயி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்புக் கரிக்குது சார். போன வருசம் இப்படி இல்ல. எழுதிக்கிங்க."

மீட்டரும் அதையே சொன்னது. கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஆசீர் முதலாளிக்குப் போன் செய்தான். "அறுநூறுன்னு போடுப்பா. அறுநூத்தி இருபது போடு, நம்புற மாதிரி இருக்கும்" என்றார் முதலாளி. ஆசீர் அப்படியே போட்டான்.

மாரியாயிக்குப் படிக்கத் தெரியாது.

"நான் சொன்னதை எழுதிட்டீங்களா சார்?"

"எழுதிட்டேம்மா."

அவள் விரலை மையில் அழுத்தி வைத்தாள். இப்படி மூன்று மாதம். நான்காவது மாதத்திலிருந்து ஆசீர் அந்த ஊருக்குப் போகவே இல்லை. புத்தூரில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, போன மாத எண்ணில் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதினான். அவன் வேலை பார்க்கும் இடத்தில் இதற்கு ஆபீஸ் கிணறு என்று ஒரு பெயரே உண்டு. சாட்சிக் கட்டத்தில் மாரியாயி என்று எழுதி, தன் இடது கட்டைவிரலை வைத்தான்.

"அடப்பாவி" என்றார் வைதேஹி மாமி.

"என் பிரெண்டோட அண்ணன் மாமி" என்றார் டீச்சர்.

"இருந்தா என்ன? பாவி பாவிதான்."

2023 செப்டம்பரில் அந்த ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. தண்ணீர் உப்பாகிவிட்டது என்று ஊர்க்காரர்கள் கத்தினார்கள். வந்திருந்த அதிகாரிகள் பாரங்களை எடுத்துக் காட்டினார்கள். எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர். எல்லாவற்றிலும் கைநாட்டு. உங்க ஊர் அம்மாதானே சாட்சி சொல்லியிருக்காங்க என்று கேட்டார்கள்.

அன்றிலிருந்து மாரியாயியோடு யாரும் பேசவில்லை. பண்ணைக்காரனிடம் காசு வாங்கிவிட்டாள் என்றார்கள். தெருவில் லாரித் தண்ணீர் ஊற்றும்போது அவள் குடத்தை எடுத்து ஓரமாக வைத்தார்கள். அவள் மகன் அம்மாசியே ஒரு நாள் கேட்டான், எவ்வளவும்மா வாங்குன என்று.

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குடிசைக்குப் பின்னால் போய் ஊற்றுத் தோண்ட ஆரம்பித்தாள். ஊருக்கு நல்ல தண்ணீர் காட்டாமல் விடமாட்டேன் என்றாளாம். ஆறடி... எட்டடி... உப்புதான் வந்தது. பதினோரு நாள் தோண்டினாள். அக்டோபர் 3-ம் தேதி விடியற்காலை மணல் சரிந்து உள்ளே விழுந்தது. அம்மாசி வெளியே எடுத்தபோது வாய் நிறைய மணல்.

இது எதுவும் ஆசீருக்குத் தெரியாது. அக்டோபர் 25-ம் தேதி வழக்கம்போலப் பாரம் நிரப்பி, சாட்சி மாரியாயி என்று கட்டைவிரலை வைத்தான். நவம்பரிலும் வைத்தான். மே மாதம் வரை எட்டு பாரம்.

ஜூனில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பத்தாம் தேதி திங்கட்கிழமை அனுமதி பற்றி விசாரணை. அதற்குள் அந்தப் பைப்பில் புதிதாக ஓர் அளவு எடுக்க வேண்டும். எடுக்கும் ஆள், பைப், இடம், நேரம் எல்லாம் பதிவாகும்படி போட்டோ வேண்டும். போனில் ஒரு செயலி கொடுத்திருந்தார்கள். அதில் எடுத்தால் போட்டோ நேராக அவர்களுக்கே போய்விடும். ஆபீஸ் கிணறு இனி நடக்காது.

பகலில் போனால் ஊரார் அடிப்பார்கள் என்று பண்ணையிலிருந்து எச்சரித்திருந்தார்கள். அதனால்தான் இரவு.

"இப்ப மணி பதினொண்ணு நாப்பது" என்றார் டீச்சர். "கார் நின்னாச்சு."

தேசிக் இன்னும் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தான்.

காற்று இல்லை. சவுக்கு மரங்கள் அசையவில்லை. ஆனால் சவுக்கில் காற்று போகும் அந்த உஸ்ஸென்ற ஓசை மட்டும் கேட்டது... கீழே இருந்து, மணலுக்குள்ளிருந்து. ஆசீர் அதைக் கடல் என்று நினைத்துக்கொண்டான். ஓடையிலிருந்து பண்ணைக் கழிவின் நாற்றம். அழுகிய இறாலும் சுண்ணாம்பும் கலந்த நாற்றம்.

பைப்புக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள்.

"வாங்க சார். ரொம்ப நாளா ஆளையே காணோம்."

ஆசீருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தெரிந்த ஆள். சாவி வைத்திருப்பவள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாவியோடு மணல் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. ஈரச் சேலை, ஈர மணல், கடற்கரைப் பிழைப்பு என்று அவன் நினைத்தான்.

அளப்பது இப்படித்தான். இரும்பு டேப்பின் நுனியில் ஒரு குண்டு. கடைசி இரண்டு மீட்டருக்குச் சாக்பீஸ் பூச வேண்டும். இறக்கி எடுத்தால் தண்ணீர் பட்ட இடம் வரை சாக்பீஸ் கரைந்திருக்கும். அதைப் படித்தால் நீர்மட்டம். சாக்பீஸை அவன் பிரான்சியின் பள்ளியிலிருந்து வாங்கிக்கொள்வான்.

பைப்பின் ஆழம் பதினைந்து மீட்டர். அவன் டேப்பை இறக்கினான். ஐந்து... பத்து... பதினைந்து. குண்டு தரையைத் தொடவில்லை. இருபது. இருபத்தைந்து. முப்பது மீட்டர் டேப்பும் போய்விட்டது. பிடி மட்டும் கையில்.

கீழே யாரோ இரண்டு முறை இழுத்தார்கள். கயிற்றைப் பிடித்தாயிற்று என்று கிணற்றுக்குள் இருப்பவர் சொல்வாரே, அந்த மாதிரி.

அவன் அவசரமாகச் சுற்றினான். டார்ச் வெளிச்சத்தில் டேப் மேலே வந்தது. ஈரமில்லை. முப்பது மீட்டருக்கும் வெள்ளையாகச் சாக்பீஸ். அவன் பூசாத இடத்திலெல்லாம். மீட்டருக்கு ஒன்றாக அதில் ஒரு கட்டைவிரல் ரேகை. வரி வரியாக, தெளிவாக.

அவன் நிமிர்ந்தான். அவள் அதே இடத்தில் அப்படியே நின்றிருந்தாள்.

"எழுதிக்கிங்க சார்."

கை தானாகவே பழைய எண்ணை எழுதியது. நீர்மட்டம் மூன்று மீட்டர் நாற்பது. டி.டி.எஸ். அறுநூற்று நாற்பது.

"நான் சொன்னதை எழுதிட்டீங்களா?"

பேசும்போது அவள் பல்லுக்கு இடையில் நறநறவென்றது.

"எழுதிட்டேம்மா."

"போட்டோ எடுக்கணுமாமே. கொடுங்க, நான் எடுக்குறேன்."

போனைக் கொடுத்தான். ஏன் கொடுத்தான் என்று பிரான்சி பிறகு பலமுறை கேட்டாள். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. போன் திரும்ப அவன் கைக்கு வந்தபோது ஐஸ் மாதிரி இருந்தது.

மைப்பெட்டியைத் திறந்து நீட்டினான். "கைநாட்டு வைங்கம்மா."

அவள் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே வைங்க சார். நான் செத்ததுலேருந்து நீங்கதானே வைக்கிறீங்க."

வைதேஹி மாமி "ரங்கா!" என்றார்.

ஆசீர் எப்படிக் காருக்கு வந்தான் என்று தெரியாது. தஞ்சாவூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினான். டீயை வாயில் வைத்துத் துப்பினான். உப்பு. கடைக்காரரிடம் சண்டை போட்டான். அவர் அதே டீயை ஒரு மிடறு குடித்துக் காட்டி, "சர்க்கரை தூக்கலாத்தான் இருக்கு தம்பி, போய் படுத்துத் தூங்குங்க" என்றார்.

திங்கட்கிழமை விசாரணை நடந்தது. ஊரார் ஒரு பக்கம். பண்ணைக்காரர்கள் ஒரு பக்கம். அதிகாரி கணினியில் அந்தப் போட்டோவைத் திறந்து சுவரில் பெரிதாகக் காட்டினார். இடம் சரி. நேரம் சரி. ஆசீர் இருந்தான், பைப் இருந்தது.

ஆனால் போட்டோ கீழேயிருந்து எடுக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் வட்டமாக மணல் சுவர். மேலே சின்னதாக ஒரு துண்டு வானம். அந்த விளிம்பில் ஆசீர் குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை யார் எடுத்தது?" என்றார் அதிகாரி.

ஊர்ப் பக்கத்திலிருந்து அம்மாசி எழுந்தான். "அது எங்கம்மா செத்த குழிங்க" என்றான். பையிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தான். "எங்கம்மா போயி எட்டு மாசம் ஆச்சு. அப்புறமும் எட்டுப் பாரத்துல கைநாட்டு இருக்குன்னு சொல்றீங்க. யாருதுங்க அது?"

முதலாளி ஆசீரின் தொடையை அழுத்தினார். ஆசீர் எழுந்து நின்றான். இரண்டு நாளாக அவன் தண்ணீரே குடிக்கவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது.

"என்னுது" என்றான்.

அனுமதி மறுக்கப்பட்டது. ஆசீர்மேல் வழக்குப் பதிவானது. வேலை போனது. அதையெல்லாம் அவன் பொருட்படுத்தவில்லை என்றாள் பிரான்சி. அவனுக்குத் தாகம். அது ஒன்றுதான்.

அவள் கேன் தண்ணீர் வாங்கினாள். உப்பு என்றான். காவிரித் தண்ணீர் பிடித்து வந்தாள். இளநீர் வெட்டினாள். மாதா கோவிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்தாள். எல்லாம் உப்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு மருந்து மாதிரி விழுங்கினான், முக்கால்வாசியை வாந்தியெடுத்தான். புத்தூரில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார். ராத்திரியில் மாடியில் டேப் சுற்றும் சத்தம் கேட்குமாம். பிரான்சி போய்ப் பார்த்தால் அவன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, நாக்கை நீட்டி நீட்டி ருசி பார்த்துக்கொண்டிருப்பான்.

ஜூலை கடைசியில், அம்மாசியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றான். பிரான்சி கூடப் போனாள். அம்மாசி வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க? நானும்தான் அவளைக் கேட்டேன், எவ்வளவு வாங்குனன்னு. கேக்கணும்னா அங்க போய்க் கேளுங்க" என்று குடிசையின் பின்பக்கத்தைக் காட்டினான்.

பின்னால் ஊற்று சரிந்த இடம் ஒரு பள்ளமாக இருந்தது. ஆசீர் முட்டி போட்டான். ஜெபம் பண்ணுகிறான் என்று பிரான்சி நினைத்தாள். அவன் கையால் தோண்டினான். ஓரடி, இரண்டடி. ஈர மணலை அள்ளி வாய்க்கு மேலே பிழிந்தான். இரண்டு சொட்டு.

அப்படியே உட்கார்ந்து அழுதான்.

"இனிக்குது பிரான்சி."

பிரான்சி தொட்டுப் பார்த்தாள். கடல் தண்ணீர். சுத்தமான கடல் தண்ணீர்.

அதன் பிறகு அவன் திருச்சிக்குத் திரும்பவில்லை. பள்ளத்துக்குப் பக்கத்திலேயே தார்ப்பாய் கட்டிக்கொண்டான். பகலெல்லாம் தோண்டினான். எவ்வளவு தோண்டினாலும் அன்றைக்கு ஒரு டம்ளர்தான் ஊறும். மறுநாள் அதற்கும் கீழே போனால்தான் அடுத்த டம்ளர். ஊரார் வேலியோரம் நின்று பார்த்தார்கள். முதலில் சிரித்தார்கள். பிறகு பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. அம்மாசி மட்டும் ஒரு நாள் பனை மட்டைகளைக் கொண்டுவந்து போட்டு, "அண்ணே, அந்த மணல் நிக்காது. பக்கச் சுவருக்கு இதையாச்சும் வச்சுக் கட்டுங்க" என்றான்.

"உங்கம்மா வேண்டாங்கிறாங்க" என்றான் ஆசீர்.

பிரான்சி சனி ஞாயிறுகளில் போய் வருவாள். கடைசியாகப் போனது ஆகஸ்ட் 17. குழிக்கு மேலே நின்று கூப்பிட்டாள். கீழே இருட்டு. "அண்ணே, போதும்ணே, மேலே வாண்ணே" என்றாள். கீழேயிருந்து அவன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். நிறுத்தி நிறுத்தி, எண்கள் எண்களாக. ஒவ்வோர் எண்ணுக்குப் பிறகும் காத்திருந்தான். அது தப்பு என்று யாரோ சொன்ன மாதிரி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

வாட்ச்மேன் முருகானந்தம் கேட்டுக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டார்.

"அப்புறம் என்னாச்சுங்க?" என்றார்.

ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மாசி பார்த்தபோது குழி மூடியிருந்தது. மேலே மணல் சமமாக இருந்தது. தீயணைப்புத் துறையினர் வந்தார்கள். பிறகு ஜேசிபி வந்தது. மதியம் இரண்டு மணி வரை தோண்டினார்கள். பன்னிரண்டு அடியில் மண்வெட்டி கிடைத்தது. அதற்குக் கீழே இன்னும் பத்தடி போனார்கள். ஆள் கிடைக்கவில்லை. காணாமல் போனவர் என்று போலீஸ் எழுதிக்கொண்டது.

இருபத்திரண்டாவது அடியில் தண்ணீர் ஊறியது. அம்மாசி முதலில் குடித்தான். பிறகு ஆசீரின் பெட்டியிலிருந்த மீட்டரைப் பிரான்சி எடுத்து அதில் வைத்தாள். டி.டி.எஸ். முன்னூற்றுப் பத்து.

ஊர் இப்போது அதைத்தான் குடிக்கிறது.